எஃப்.ஐ.ஆர். இல்லாமல் காணாமல் போனவர்கள்: சேலம் மாவட்டத்துப் பெண் குழந்தைகளின் வரலாறு

தோழர்களே, ஒரு பெண் காணாமல் போனால் என்ன நடக்கும்? பெற்றவர்கள் காவல் நிலையத்துக்கு ஓடுவார்கள். "யாரோடயாவது போயிருப்பா, ரெண்டு நாள் பாருங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அழுது, கத்தி, சாலையில் உட்கார்ந்து, கடைசியில் ஒரு புகார் ரசீதாவது கையில் வாங்குவோம். நம் சேரிகளில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன கதை. ஆனால் புகார் கொடுக்கவே ஆள் இல்லாத காணாமல் போதல் ஒன்று இந்த மண்ணில் நடந்திருக்கிறது. ஒருவர் இருவரல்ல, ஊர் ஊராகக் காணாமல் போனார்கள். பெயர் வைப்பதற்கு முன்பே போனதால் தேடுவதற்குப் பெயரும் இல்லை.

அதற்கு ஒரே ஒரு சாட்சி உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு.

1991 கணக்கெடுப்பில் அன்றைய சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் 1,000 ஆண்களுக்கு 849 பெண்கள்தான் இருந்தார்கள். அதே ஆண்டில் தமிழ்நாட்டின் சராசரி 948, இந்தியாவின் சராசரி 945. நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரியில்தான். ஆகவே திருச்செங்கோடும் ராசிபுரமும் இந்த 849-க்குள் அடக்கம். இயற்கையில் 100 ஆண் குழந்தைகள் பிறந்தால் ஏறக்குறைய 95 பெண் குழந்தைகள் பிறக்கும். 95 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 85 பேர்தான் இருந்தார்கள் என்றால் மீதிப் பத்துப் பேர் எங்கே? இந்தக் கேள்வியைக் கேட்டு ஒரு வழக்குகூடப் பதிவாகவில்லை.

1990-இல் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் உலகில் பத்து கோடிக்கும் மேற்பட்ட பெண்களைக் காணவில்லை என்று எழுதினார். "காணாமல் போன பெண்கள்" என்ற சொல் உலகம் முழுக்கப் பரவியது அதற்குப் பிறகுதான். அந்தக் கணக்கில் நம் ஊர்க் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

"சமூகக் காரணங்கள்"

தமிழ்நாட்டில் பெண் சிசுக்கொலை என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது உசிலம்பட்டி. 1980-களின் நடுவில் பத்திரிகைகள் அந்த ஊரைப் பற்றி எழுதின. 1994-இல் 'கருத்தம்மா' படம் வந்தது. கள்ளிப்பால் என்ற சொல்லே ஒரு வட்டாரத்தின் அடையாளமாகிப் போனது. ஏதோ ஓர் ஊரின், ஒரு சாதியின் பிறவிக் குணம் போல அது பேசப்பட்டது. உண்மையில் தருமபுரியிலிருந்து சேலம் வழியாகத் திண்டுக்கல், மதுரை, தேனி வரை ஒரு நீண்ட பட்டையாக இந்தக் கொலை பரவியிருந்தது. பல சாதிகள் அதற்குள் இருந்தன.

இது ஊகம் அல்ல. 1990-களில் ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளை வைத்து ஆய்வு செய்தார்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 3,000 பெண் சிசுக்கள் கொல்லப்படுகின்றன என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்தப் பதிவேடுகளில் இந்த மரணங்கள் எந்தப் பெயரில் இருந்தன தெரியுமா? "சமூகக் காரணங்களால் மரணம்." வயிற்றுப்போக்கு, நிமோனியா, குறைப்பிரசவம் என்ற பட்டியலில் இதுவும் ஒரு நோய் போல ஒரு பத்தியில் உட்கார்ந்திருந்தது. கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரிந்திருந்தது. எழுதியும் வைத்தார்கள். எழுதியது எந்தக் காவல் நிலையத்துக்கும் போகவில்லை.

அரசு எழுதிவைக்கும் சொற்களை நாம் கவனமாகப் படிக்க வேண்டும். சாதிக் கொலைக்கு "முன்விரோதம்" என்று எழுதுகிற அதே பேனாதான் சிசுக்கொலைக்குச் "சமூகக் காரணம்" என்று எழுதியது.

வறுமையா, வளமா?

வறுமையால் கொன்றார்கள் என்பதுதான் நாம் அதிகம் கேட்ட விளக்கம். வறுமைதான் காரணம் என்றால் நிலமே இல்லாத நம் சேரிகளில்தான் பெண் குழந்தைகள் முதலில் குறைந்திருக்க வேண்டும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2001 கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் குழந்தைப் பாலின விகிதம் 927. பட்டியல் சாதியினரிடையே 938. பழங்குடியினரிடையே 973. சொத்து இல்லாதவர்களிடம் மகள்கள் மிஞ்சினார்கள்.

சேலம் சமவெளியின் வரலாற்றைப் பாருங்கள். 1934-இல் மேட்டூர் அணை வந்தது. பிறகு மோட்டார் கிணறு வந்தது, ஆழ்துளைக் கிணறு வந்தது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறி ஓடியது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய்ப் போர் போட்டன. லாரித் தொழிலும் கோழிப்பண்ணைகளும் பெருகின. கையில் காசு வந்த குடும்பங்களில் கல்யாணச் செலவும் பவுனும் ஏறின. மகன் என்றால் நிலம் வீட்டோடு இருக்கும். மகள் என்றால் நிலத்தை விற்றுப் பவுனாக்கி இன்னொரு வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஒரு மகன் போதும், நிலம் துண்டாகாது என்பது எழுதப்படாத சட்டமானது. இந்தக் கணக்குத்தான் குழந்தையைக் கொன்றது.

1961-இலேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. 1989-இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்றது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு போட்ட தீர்மானம் அறுபது ஆண்டுகள் கழித்துச் சட்டமானது. அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து எடுத்த கணக்கில்தான் சேலம் 849-இல் நின்றது. பெரியாரின் ஈரோடு பக்கத்தில்தான் இருக்கிறது. திராவிடர் கழகம் என்ற பெயர் 1944-இல் பிறந்ததே சேலத்தில்தான். மேடையில் பெண் விடுதலை பேசப்பட்ட ஊர்களில், வீட்டுக்குள்ளே சொத்தும் சாதியும் கைகோத்து நின்றன.

அம்பேத்கர் 1916-இல் சொன்னது

இதைப் புரிந்துகொள்ள நமக்கு ஒரு சாவி இருக்கிறது. 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருபத்தைந்து வயது அம்பேத்கர் இந்தியாவில் சாதிகள் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சாதி என்பது அகமணம். சொந்தச் சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் ஏற்பாடு. அதை எடுத்துவிட்டால் சாதி நிற்காது என்றார். அந்த ஏற்பாடு நிற்க வேண்டுமானால் சாதிக்குள் ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவன் செத்தால் மனைவி "உபரி" ஆகிறாள். அந்த உபரியைத் தீர்க்க உடன்கட்டையும் கட்டாய விதவைக் கோலமும். மனைவி செத்தால் ஆண் உபரி ஆகிறான். அவனுக்காகக் குழந்தை மணம். பெண்ணின் உடலை எண்ணிக்கையாகப் பார்க்கும் ஏற்பாடுதான் சாதி என்பதை அவ்வளவு இளம் வயதில் கண்டுபிடித்தவர் அவர்.

சேலத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். மாப்பிள்ளை சொந்தச் சாதியிலேயே வேண்டும், அதிலும் நிலபுலம் உள்ள வீட்டில் வேண்டும் என்றால் தேர்வு செய்யக் கிடைப்பவர்கள் கொஞ்சம் பேர். அவர்களுக்கு விலை ஏறும். அந்த விலைக்குப் பெயர் வரதட்சணை. விலை கொடுக்க மனமில்லாத வீட்டில் பிறந்த நாளிலேயே மகள் "உபரி" ஆகிவிடுகிறாள். வெளியே மணம் முடிக்கலாம் என்ற கதவு திறந்திருந்தால் இந்த விலையே இருக்காது. அந்தக் கதவைச் சாத்தி வைத்தது சாதி.

அதே கதவுதான் 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோட்டில் கோகுல்ராஜின் மேல் அறைந்து சாத்தப்பட்டது. ஓமலூரைச் சேர்ந்த தலித் பொறியியல் பட்டதாரி. வேறு சாதிப் பெண் தோழியோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்தப்பட்டார். மறுநாள் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023-இல் உயர் நீதிமன்றமும் யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. பாதி உடல் பெண்ணாக நிற்கும் சாமியின் மலை அது. 849 என்ற எண்ணும் தண்டவாளத்தில் கிடந்த உடலும் வேறு வேறு கதைகள் என்று நினைக்காதீர்கள். பிறந்த பெண்ணை வேண்டாம் என்று தள்ளுவதும், பிழைத்து வளர்ந்த பெண்ணை வேலி போட்டுக் காவல் காப்பதும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு வேலைகள்.

இன்று கொங்குப் பகுதியில் பெண் கிடைக்காமல் நடுவயதைத் தொட்ட மாப்பிள்ளைகள் தரகர் மூலம் கேரளாவில் பெண் எடுக்கிறார்கள். மொழியும் சாதியும் தெரியாத வீட்டில் பெண் எடுக்க அப்போது தடை இல்லை. பக்கத்துச் சேரிப் பையனை உள்ளூர்ப் பெண் விரும்பினால் மட்டும் தடை வருகிறது. இதைவிடச் சாதியை அம்மணமாகக் காட்ட வேறு என்ன வேண்டும்?

இரண்டு தொட்டில்கள்

1992-இல் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. 1937-இல் ராஜாஜி மதுவிலக்கை முதலில் சோதித்துப் பார்த்ததும் இதே மாவட்டத்தில்தான். மருத்துவமனை வாசலில் தொட்டில் வைத்தார்கள். வேண்டாத பெண் குழந்தையை அதில் போட்டுவிட்டுப் போகலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். 2001-க்குப் பிறகு மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரிக்கும் விரிந்தது. அந்தத் தொட்டில்களால் உயிர் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். ஓர் உயிர் பிழைத்தாலும் அதை நாம் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அந்தத் தொட்டில் யாரிடம் கேள்வி கேட்டது? தகப்பனிடமா? மாமியாரிடமா? வரதட்சணை வாங்கியவனிடமா? பெண் குழந்தை வேண்டாம் என்றால் எங்களிடம் கொடுங்கள் என்று அரசே சொன்னபோது, வேண்டாம் என்று நினைப்பது இயல்புதான் என்ற ஒப்புதலும் சேர்ந்தே வந்தது. கூடவே வந்த பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் வைப்புத்தொகை கிடைக்க ஆண் வாரிசு இல்லாமல் குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்க வேண்டும் என்றார்கள்.

இன்னொரு தொட்டிலும் வரலாற்றில் உண்டு. 1863-இல் புனேயில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் சிசுக்கொலைத் தடுப்பு இல்லம் தொடங்கினார்கள். மறுமணம் மறுக்கப்பட்டு, ஏமாற்றப்பட்டுக் கருவுற்ற பார்ப்பன விதவைகள் அங்கே வந்து பிள்ளை பெறலாம். அப்படி வந்த ஒரு விதவையின் மகன் யஷ்வந்தைத்தான் அவர்கள் தங்கள் பிள்ளையாக வளர்த்தார்கள். தம்மை ஒதுக்கிய சாதியின் பெண்களுக்காகச் சூத்திரக் குடும்பம் ஒன்று கதவைத் திறந்தது. அந்த இல்லம் குழந்தையை மட்டும் காப்பாற்றவில்லை. தாயையும் காப்பாற்றியது, அவளை அந்த நிலைக்குத் தள்ளிய வழக்கத்தையும் ஊரறியக் குற்றம் சாட்டியது. 1992-இன் தொட்டிலில் அந்தக் குற்றச்சாட்டு இல்லை.

யார் குற்றவாளி ஆனார்கள்?

தமிழ்நாட்டில் வழக்கு வந்த கொஞ்ச இடங்களிலும் கூண்டில் நின்றது பெரும்பாலும் பெற்ற தாய். பிரசவப் பச்சை காயாத உடம்போடு. அடுத்த பழி மருத்துவச்சிக்கு. பிரசவம் பார்ப்பதைத் தீட்டான வேலை என்று நாவிதர் வீட்டுப் பெண்களிடமும் தலித் பெண்களிடமும் தள்ளிவிட்ட சமூகம், கொலைக்கும் அவர்கள் கையையே காட்டியது. 1990-களில் பீகார் மருத்துவச்சிகளிடம் எடுத்த பேட்டிகள் இதைத் தெளிவாகக் காட்டின. குடும்பத்துப் பெரியவர்கள் மிரட்டிச் செய்ய வைத்தார்கள் என்றார்கள் அவர்கள். பிறகு அதே மருத்துவச்சிகள் சிலர் குழந்தைகளைக் காப்பாற்றி ஒப்படைக்கவும் செய்தார்கள். கட்டளையிட்டவன் வீட்டுத் திண்ணையில் இருந்தான். கை மட்டும் கீழ்ச்சாதிக் கை.

பிறகு ஸ்கேன் வந்தது. மருத்துவச்சி தேவைப்படவில்லை. 1994-இல் கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் வந்து 1996-இல் நடைமுறைக்கு வந்தது, 2003-இல் கடுமையாக்கப்பட்டது. ஆனாலும் 2001-இல் சேலம் 851-இல்தான் நின்றது, தருமபுரி 826-க்கு இறங்கியது. 2011-இல் சேலம் 910-ஐத் தாண்டியது. கலைக்குழுக்களும் பெண்கள் அமைப்புகளும் ஊர் ஊராக அலைந்ததன் பயனும் அதில் உண்டு. ஆனால் 2019-இல் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை வழக்கு வெடித்ததை நினைத்துப் பாருங்கள். ஏழைத் தாய்களின் குழந்தைகள் விலைக்குப் போன செய்தி கொல்லிமலை வரை நீண்டது. மகள் வேண்டாத வீடுகள் உருவாக்கிய பற்றாக்குறை, ஏழை வீட்டுப் பிள்ளையைச் சந்தைக்குக் கொண்டுவருகிறது.

நமக்கு என்ன வேலை?

"அது அவர்கள் வீட்டுப் பிரச்சினை தோழர், நமக்கென்ன" என்று கேட்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இரண்டு பதில்.

ஒன்று, இது நம் வீட்டுக்குள்ளும் வந்துகொண்டிருக்கிறது. அரசு வேலை கிடைத்த நம் பையனுக்கு இன்று எத்தனை பவுன் கேட்கிறார்கள் என்று உங்கள் தெருவிலேயே விசாரியுங்கள். பரிசம் போட்டுப் பெண் எடுத்த வழக்கம் நம் பாட்டிகள் காலத்தோடு போய்விட்டது. மேல்சாதியைப் பார்த்து வரதட்சணையை எடுத்துக்கொண்டால், அதன் பின்னாலேயே வரும் கொலையையும் சேர்த்துத்தான் எடுக்கிறோம்.

இரண்டு, இது மாறக்கூடியது. தென் கொரியாவில் 1990-இல் 100 பெண் குழந்தைகளுக்கு 116-க்கு மேல் ஆண் குழந்தைகள் பிறந்தன. இருபது ஆண்டுகளுக்குள் அது இயற்கை அளவுக்குத் திரும்பியது. ஆணையே குடும்பத் தலைவனாக வைத்த 'ஹோஜு' முறையை அங்கே 2008-இல் ஒழித்தார்கள். பெண்கள் அதற்காகப் பல பத்தாண்டுகள் போராடியிருந்தார்கள்.

நம்முடைய ஹோஜு அகமணம். சாதி மறுப்புத் திருமணம் செய்வோருக்குப் பாதுகாப்பு, மகளுக்கு நிலத்தில் பங்கு, பவுன் வாங்காத கல்யாணம் ஆகிய மூன்றையும் தனித்தனிக் கோரிக்கைகளாகப் பேசி வருகிறோம். மூன்றையும் ஒரே துண்டறிக்கையில் எழுதுங்கள். உங்கள் ஒன்றியத்தின் பிறப்புப் பதிவு எண்ணிக்கையை ஆண், பெண் வாரியாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஏப்ரல் 14 அன்று ஊரில் பேனர் கட்டும்போது அந்த எண்ணையும் பெரிதாக எழுதி வையுங்கள்.

அந்தக் குழந்தைகளுக்கு யாரும் புகார் கொடுக்கவில்லை. முப்பது ஆண்டு தாமதமானாலும் புகாரை நாம் எழுதுவோம்.

ஜெய் பீம்.