பூந்தமல்லி சாலையில் ஒரு டிராம் ஷெட்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளைப் பற்றிய தொடரில் டிராம் எங்கே வந்தது என்று கேட்காதீர்கள். சாலை ஒன்றுதான். இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டி பெங்களூருக்குப் போகிற சாலையைச் சென்னைப் பக்கமாகத் திரும்பி வந்து பாருங்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலை என்ற பெயரோடு சென்ட்ரல் பக்கம் வந்து சேரும். அதை ஒட்டி, வேப்பேரியில்தான் சென்னை டிராம்களை நிறுத்திவைக்கும் ஷெட் இருந்தது.

சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895 மே 7. இந்தியாவில் அதுதான் முதல். கல்கத்தாவில் 1902-ல்தான் குதிரைகளை அவிழ்த்துவிட்டு மின்சாரத்துக்கு மாறினார்கள். பம்பாய்க்கு 1907 வரை பொறுக்க வேண்டியிருந்தது. லண்டன் தெருக்களில்கூட மின்சார டிராம் வழக்கமான சேவையானது 1901-ல்தான். சென்னை வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்த காலத்தில் தெருவில் வண்டி மின்சாரத்தில் போனது.

அந்த மின்சாரம் வந்த விதம்தான் வேடிக்கை. தலைக்கு மேல் கம்பி இல்லை. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே தரைக்குள் ஒரு கால்வாய் வெட்டி, அதில் மின்கடத்தியைப் பதித்திருந்தார்கள். மேலே நீளமாக ஒரு பிளவு. வண்டியின் அடியிலிருந்து ஒரு கை அந்தப் பிளவுக்குள் இறங்கி, மின்சாரத்தைத் தொட்டுக்கொண்டே கூடவே போகும். தெரு பார்க்க அழகாக இருந்திருக்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை என்று இரண்டு மாதங்கள் இருப்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை போலிருக்கிறது. அடைமழையில் தெருத் தண்ணீர் முழுக்க அந்தக் கால்வாய்க்குள் இறங்கினால் மின்சாரம் என்ன ஆகும்? வண்டி நடுத்தெருவில் நின்றது. கடைசியில் கால்வாயைக் கைவிட்டு, மேலே கம்பி இழுத்தார்கள். சென்னை மழையைக் கேட்காமல் சென்னைக்குத் திட்டம் போடும் பழக்கம் அன்றே தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் கம்பெனியும் தாக்குப்பிடிக்கவில்லை. அதன் இடத்தில் வந்தது மெட்ராஸ் எலெக்ட்ரிக் டிராம்வேஸ் (1904) லிமிடெட். துறைமுகத்தையும் பாரிமுனையையும் மவுண்ட் ரோடு, திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், புரசைவாக்கம், ராயபுரத்தோடு இணைத்தது. 1921-ல் 24 கிலோமீட்டர் பாதையில் 97 வண்டிகள் ஓடின. உச்சம் அதுதான்.

அப்புறம் பஸ் வந்தது. தண்டவாளம், கம்பி, மின்சாரம் என்று டிராம் கம்பெனிக்கு எல்லாமே கைக்காசு. பஸ்ஸுக்கோ சாலையைச் சர்க்கார் போட்டுத் தந்தது. 1947-ல் சர்க்காரே 30 வண்டிகளோடு பஸ் ஓட்ட இறங்கி, அடுத்த ஆண்டிலேயே நகர பஸ்களை அரசுடைமை ஆக்கியது. 1950 வாக்கில் டிராம் கம்பெனி திவால் நிலைக்கு வந்துவிட்டது. 1953 ஏப்ரல் 12-ம் தேதியோடு டிராம் நின்றது. அப்போது முதல்வர் ராஜாஜி.

டிராம் மெதுவான வண்டி, தெருவை அடைத்துக்கொண்டது, அதனால் போனது என்பார்கள். பாதி உண்மை. தேய்ந்த தண்டவாளத்தையும் பழைய வண்டிகளையும் மாற்ற முதல் போடுவது யார் என்ற கேள்விக்கு அன்று பதில் கிடைக்கவில்லை, அதுதான் மீதி. தன் பஸ் ஓடும் தெருவில் நொடித்துப்போன கம்பெனியைத் தூக்கி நிறுத்த எந்த சர்க்காருக்கு மனசு வரும்? கான்பூரில் 1933-லும், டெல்லியில் 1963-லும், பம்பாயில் 1964-லும் டிராமை மூடினார்கள். கல்கத்தா மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டது.

வேப்பேரி ஷெட் இருந்த இடத்தைப் பெரியார் வாங்கினார். இன்று பெரியார் திடல் என்று நாம் போய்வரும் இடம் அதுதான். பூந்தமல்லி நெடுஞ்சாலையின் நகரப் பகுதிக்கும் பிற்பாடு அவர் பெயரே வந்தது.

இனி மேற்கே வருவோம். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு 26.1 கிலோமீட்டர் மெட்ரோ பாதை, அதன் பணிமனை பூந்தமல்லியில். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பரந்தூர் வரை நீட்டத் திட்டம் இருக்கிறது. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ரயில் பாதை என்பது ஆண்டுக்கணக்காகப் பேச்சில் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கத் தொடங்கி கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. ஷிப்டு மாறும் நேரத்தில் இந்தச் சாலையை நிறைப்பது இன்னும் கம்பெனி பஸ்கள்தான். ஒரகடத்துக்கு ரயில் நிலையம் கிடையாது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது டிராமில் போயிருந்தால் கேட்டு எழுதுங்கள். பழைய டிக்கெட்டோ படமோ பெட்டியடியில் கிடந்தால் பிரதி எடுத்து அனுப்புங்கள், இந்தத் தொடரிலேயே வெளியிடலாம்.

(தொடரும்)