ஆஸ்ட்ரிட் கிர்ஷ்ஹெர்: ராக் இசைப் படங்களுக்குப் பாதி ஒளி வந்த வழி

பீட்டில்ஸ் குழுவின் வரலாற்றைப் படிப்பவர்களுக்கு ஆஸ்ட்ரிட் கிர்ஷ்ஹெர் என்ற பெயர் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் எதிர்ப்படும். குழுவின் தொடக்ககால பேஸ் கிதார் கலைஞரான ஸ்டூவர்ட் சட்கிளிஃபுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் என்பது ஒன்று. நெற்றியில் வழியும் அந்தப் புகழ்பெற்ற தலைமுடியை அவர்களுக்கு உண்டாக்கித் தந்தவர் என்பது மற்றொன்று. முதலாவது உண்மை. இரண்டாவதை அவரே மறுத்து வந்தார். ஸ்டூவர்ட்டின் முடியை அவர் வெட்டிவிட்டது உண்டு. ஆனால் ஹாம்பர்க் கலைப்பள்ளியில் தம்முடன் பழகிய பையன்கள் பலரும் அப்படித்தான் முடி வைத்திருந்தார்கள் என்பது அவர் தந்த விளக்கம். ஜான் லெனனுக்கும் பால் மெக்கார்ட்னிக்கும் 1961 அக்டோபரில் பாரிசில் முடி வெட்டியவர் அவருடைய நண்பர் யூர்கன் ஃபோல்மர். காதலும் தலைமுடியும் முன்னால் வந்து நின்றதில் அவருடைய தொழில் பின்னுக்குப் போய்விட்டது. ராக் இசைக்கலைஞரை விளம்பரச் சரக்காகப் பார்க்காமல், உருவப்படத்துக்கு உரிய மனிதராகப் பார்க்கும் வழக்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் அவர். இந்தக் கட்டுரை அந்த வழக்கம் உருவான விதத்தையும், அது பிறர் கைக்குப் போன விதத்தையும் தேடுகிறது.

1938 மே 20 அன்று ஹாம்பர்க்கில் பிறந்தவர் கிர்ஷ்ஹெர். தந்தை ஃபோர்டு நிறுவனத்தின் ஜெர்மன் கிளையில் விற்பனை அதிகாரி. போர்க்காலத்தில் குழந்தையான அவரை பால்டிக் கடலோரத்துக்கு அனுப்பிவைத்தார்கள். திரும்பி வந்தபோது நகரின் பெரும்பகுதி இடிபாடாகக் கிடந்தது. பின்னர் ஆடை வடிவமைப்புப் படிக்க ஹாம்பர்க்கின் கலைத்தொழிற்பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஒளிப்படம் கற்பித்த ரைன்ஹார்ட் வோல்ஃப், இந்தப் பெண்ணின் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்துவிட்டுத் துறையை மாற்றிக்கொள்ளச் சொன்னார். படிப்பு முடிந்ததும் தம்மிடமே உதவியாளராக வேலை தருவதாகவும் வாக்களித்தார். 1959 முதல் 1963 வரை கிர்ஷ்ஹெர் அவரிடம் வேலை பார்த்தார். விளம்பரப் படங்களிலும் கட்டடப் படங்களிலும் பேர்போன வோல்ஃபின் ஸ்டுடியோவில் ஒளியைத் திட்டமிட்டு, அளந்து, காத்திருந்து எடுப்பதே முறை. இசை அரங்கின் வாசலில் நின்று ஃபிளாஷ் அடிக்கும் பத்திரிகைப் படக்காரரின் பயிற்சி வேறு, இவருடையது வேறு. பின்னால் நடந்தவற்றுக்கு இந்த வேறுபாடே அடிப்படை என்பது என் கருத்து.

1960 அக்டோபரில் அவருடைய அப்போதைய நண்பர் கிளவுஸ் ஃபோர்மன், அவருடன் ஏற்பட்ட ஒரு மனத்தாங்கலுக்குப் பின் ஹாம்பர்க்கின் கேளிக்கைத் தெருவான ரீப்பர்பான் பக்கம் தனியே நடந்தபோது, கைசர்கெல்லர் என்ற நிலவறை அரங்கிலிருந்து வந்த இசையைக் கேட்டு உள்ளே போனார். மாலுமிகளும் அடிதடிக்காரர்களும் புழங்கிய இடம் அது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் அங்கே போவதில்லை. ஃபோர்மன் வற்புறுத்தியதால் கிர்ஷ்ஹெரும் ஃபோல்மரும் போனார்கள். மூவரும் சார்த்தர், காக்டோ ஆகியோர்மீது பித்துக்கொண்டு கறுப்புடை உடுத்தித் திரிந்தவர்கள். இருத்தலியல்வாதிகள் (எக்சிஸ்டென்ஷியலிஸ்ட்) என்பதைச் சுருக்கி லெனன் அவர்களுக்கு ‘எக்சிஸ்’ என்று பெயர் வைத்தார். மேடையில் இருந்த பீட்டில்ஸ் குழுவினர் ஐவரும் தோல் ஜாக்கெட் அணிந்த லிவர்பூல் பையன்கள். அவர்களில் ஜார்ஜ் ஹாரிசனுக்கு 17 வயது. கிர்ஷ்ஹெருக்கு அப்போது ஆங்கிலம் வராது, ஃபோர்மன்தான் மொழிபெயர்த்தார். அந்த நிலையிலும் அவர் கேட்டது ஒன்றே: உங்களைப் படம் எடுக்கலாமா?

எடுத்த இடம் ஹைலிகன்கைஸ்ட்ஃபெல்டு என்னும் திறந்தவெளி. ‘டோம்’ என்று ஹாம்பர்க் மக்கள் அழைக்கும் பெருஞ்சந்தை கூடும் திடல் அது. ராட்டினங்களும் கேளிக்கை வண்டிகளும் இயங்காத பகல்நேரத்தில், கனத்த இரும்புப் பொறிகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் நடுவே ஐவரையும் நிறுத்தினார். அன்றைய பாப் பாடகர்களின் விளம்பரப் படங்கள் ஸ்டுடியோவில், முகத்துக்கு நேரே விழும் விளக்கொளியில், பளிச்சென்ற சிரிப்போடு எடுக்கப்பட்டவை. இவர் படங்களில் சிரிப்பு இல்லை, செயற்கை விளக்கும் இல்லை. மேகம் மூடிய இலையுதிர்காலத்தின் சீரான சாம்பல் ஒளியில் தோல் ஜாக்கெட்டும் துருவேறிய இரும்பும் ஒரே அழுத்தத்தில் பதிந்திருக்கின்றன. தொழிற்சாலையும் துறைமுகமும் கொண்ட நகரத்துப் பையன்களை அவர்களுடைய உலகத்திலேயே வைத்துப் பார்த்த கண் அது.

கருவியும் இதில் பங்கெடுத்தது. அவர் பயன்படுத்தியது இரட்டை லென்ஸ் கொண்ட ரோலைகார்ட். மேல் லென்ஸ் பார்க்க, கீழ் லென்ஸ் பதிய. கேமராவை வயிற்றுக்கு அருகே பிடித்து, தலையைக் குனிந்து, மேலே உள்ள கண்ணாடித்திரையில் பார்க்க வேண்டும். பிம்பம் இடம் வலமாக மாறித் தெரியும், ஆகவே அவசரம் உதவாது. 120 ரக பிலிம் ஒரு சுருளுக்கு 12 சதுரப் படங்கள் மட்டுமே தரும். எடுப்பவர் முகத்தைக் கேமராவால் மறைத்துக்கொள்வதில்லை; எதிரே நிற்பவர் அவர் குனிந்த தலையைப் பார்த்தபடி பொறுமையாக நிற்கிறார். லென்ஸ் இடுப்பு உயரத்தில் இருப்பதால் நிற்கும் உருவம் சற்றே நிமிர்ந்து, நெடிதாகத் தெரியும். அன்று யாருக்கும் தெரியாத ஐந்து பையன்களுக்கு அந்தப் படங்களில் ஒரு கம்பீரம் வந்ததற்கு இதுவும் காரணம். லெனன் முன்னே தெளிவாகவும் ஸ்டூவர்ட் பின்னே மங்கலாகவும் இருக்கும் படத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுப்பதில்லை. மையத்தில் இருப்பவருக்கும் ஓரத்தில் ஒதுங்கி நிற்பவருக்கும் இடையிலான உறவு முழுவதும், குவியம் எங்கே விழுகிறது என்பதில் இருக்கிறது.

திடலில் சீராகப் பரவியிருந்த ஒளி, வீட்டுக்குள் எடுத்த படங்களில் இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழ, மறுபாதி முகம் இருட்டில் கரையும் முறை அது. 1962 ஏப்ரல் 10 அன்று ஸ்டூவர்ட் மூளை இரத்தக்கசிவால் 21 வயதில் இறந்தார். ஹாம்பர்க்கின் ஸ்டார்-கிளப் அரங்க நிகழ்ச்சிகளுக்காக வந்திறங்கிய நண்பர்களுக்கு விமான நிலையத்தில் அச்செய்தியைச் சொன்னவர் கிர்ஷ்ஹெர்தான். பிறகு லெனனும் ஹாரிசனும் ஸ்டூவர்ட் ஓவியம் தீட்டிய மாடியறைக்கு வந்தபோது அவர்களை அங்கே படம் எடுத்தார். லெனன் உட்கார்ந்திருக்க, ஹாரிசன் பின்னால் நிற்கிறார். பக்கவாட்டு ஒளி இங்கே அழகுக்கான உத்தியாக நிற்கவில்லை. துக்கத்தில் இருப்பவரின் முகத்தில் எவ்வளவைக் காட்டலாம், எவ்வளவை விட்டுவிட வேண்டும் என்ற அளவை அது தீர்மானிக்கிறது. ராக் இசை ஒளிப்பட வரலாற்றில் இதற்கு இணையான நெருக்கமுள்ள படம் அதற்கு முன் எனக்குத் தெரிந்து இல்லை.

1963 நவம்பர் 22 அன்று ‘வித் த பீட்டில்ஸ்’ இசைத்தட்டு வந்தது. அதன் அட்டையில் நான்கு முகங்கள், ஒவ்வொன்றிலும் பாதி இருள். எடுத்தவர் ராபர்ட் ஃபிரீமன்; இடம் போர்ன்மத் நகர விடுதி ஒன்று; ஒளி சன்னலிலிருந்து. அடுத்த ஜனவரியில் அமெரிக்காவில் வெளியான ‘மீட் த பீட்டில்ஸ்’ அட்டையிலும் அதே படம் நீலச்சாயலோடு இடம்பெற்று உலகெங்கும் பரவியது. கிர்ஷ்ஹெரின் ஹாம்பர்க் படங்களே இதற்கு முன்மாதிரி என்று பல வரலாறுகள் சொல்கின்றன. ஃபிரீமன் ஏற்கெனவே ஜான் கோல்ட்ரேன் உள்ளிட்ட ஜாஸ் கலைஞர்களை எடுத்துத் தேர்ந்தவர் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பக்கவாட்டு ஒளி யாருடைய தனிச்சொத்தும் அல்ல, ரெம்ப்ராண்ட் காலத்திலிருந்து வருவது. எனினும் கேமராவுக்கு முன்னால் நின்ற நால்வரில் மூவருக்கு, அப்படிச் சிரிக்காமல் பாதி இருளில் நிற்கும் பழக்கம் ஹாம்பர்க்கிலேயே வந்துவிட்டது. பாணியைப் படமெடுப்பவர் மட்டும் கொண்டுவருவதில்லை, எடுக்கப்படுபவரும் சுமந்து வருகிறார். கிர்ஷ்ஹெரின் செல்வாக்கை இந்த வழியில் தேடினால்தான் சரியாகப் பிடிபடும்.

1964இல் ‘ஸ்டெர்ன்’ இதழுக்காக மாக்ஸ் ஷெலருடன் சேர்ந்து, ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ படப்பிடிப்பையும் லிவர்பூலையும் பதிவு செய்தார். உள்ளூர் நாளிதழில் விளம்பரம் கொடுத்து அந்நகரத்து இசைக்குழுக்களை செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தின் முன் திரட்டி எடுத்த படம், ஒரு காலகட்டத்தின் ஆவணம். அந்தப் பணிதான் அவருடைய தொழில்வாழ்வின் உச்சம். இறக்கமும் அதற்குப் பின்னேதான். இதழ்கள் அவரிடம் பீட்டில்ஸ் படம் மட்டுமே கேட்டன. மற்ற படங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெண் ஒருவரை ஒளிப்படக் கலைஞராக ஏற்கவே தயங்கினார்கள். பிற்காலப் பேட்டிகளில் அவர் தந்த விளக்கம் இது. நெகட்டிவ்களையும் அச்சுகளையும் கணக்கு வைக்காமல் கொடுத்துவந்ததால், படங்கள் உலகமெங்கும் அச்சேறியும் பெயரோ பணமோ அவருக்கு வரவில்லை. 1967 வாக்கில் கேமராவைத் தொழிலாகக் கைக்கொள்வதை விட்டார். 1968இல் வந்த ஹாரிசனின் ‘வொண்டர்வால் மியூசிக்’ இசைத்தட்டின் உள்ளே உள்ள ஹாரிசன் படம் அவர் எடுத்ததுதான்.

அவர் விலகிய காலத்தைக் கவனிக்க வேண்டும். ‘ரோலிங் ஸ்டோன்’ முதல் இதழ் 1967 நவம்பரில் வெளிவந்தது. 1968 மே 11 இதழின் அட்டையில் லிண்டா ஈஸ்ட்மன் எடுத்த எரிக் கிளாப்டன் படம் வந்தது. அந்த இதழின் அட்டைக்குப் படம் தந்த முதல் பெண் அவர். 1973இல் ஆனி லீபோவிட்ஸ் அங்கே தலைமை ஒளிப்படக் கலைஞரானார். ராக் இசைப் படத்துக்கென்று பக்கம், சம்பளம், பெயர்வரி மூன்றையும் தரும் நிறுவனம் ஒன்று உருவானபோது, அதற்கான பார்வையை ஏழு ஆண்டுகளுக்கு முன்பே கண்டடைந்தவர் தொழிலில் இல்லை. அவர் சோர்ந்துபோனதைத் தனிமனித மனநிலையாக மட்டும் விளக்கும் வாழ்க்கை வரலாறுகள் இந்தக் காலப்பொருத்தத்தைத் தவறவிடுகின்றன. ஃபோல்மரின் கதை இதற்கு நல்ல ஒப்பீடு: 1961இல் ஹாம்பர்க் வாசலொன்றில் அவர் எடுத்த லெனன் படம் 1975இல் ‘ராக் அண்ட் ரோல்’ இசைத்தட்டின் அட்டையாகி, அவர் பெயரை நிலைநிறுத்தியது.

கிர்ஷ்ஹெருக்கு மீட்பு மெல்லத்தான் வந்தது. 1994இல் வெளியான ‘பேக்பீட்’ திரைப்படம் அவரைப் பரவலாக அறியச் செய்தது, ஆனால் காதலியாகவே. 2010இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் விக்டோரியா காட்சிக்கூடத்தில் அவருடைய படைப்புகளின் முழுமையான கண்காட்சி நடந்தது. 2020 மே 12 அன்று, 82 வயதை எட்ட எட்டு நாள் இருக்கும்போது, பிறந்த ஹாம்பர்க்கிலேயே இறந்தார். அவருடைய படங்களை பீட்டில்ஸ் நினைவுப்பொருள்களின் வரிசையிலிருந்து எடுத்து, வோல்ஃபின் பள்ளியில் வளர்ந்த போருக்குப் பிந்தைய ஜெர்மன் ஒளிப்படக் கலையின் வரிசையில் வைத்துப் படிக்கும் வேலை இன்னும் பெரிய அளவில் நடக்க வேண்டியிருக்கிறது.