இப்னு நபீஸின் இரக்கமும் இன்றைய ஆய்வுக்கூடமும்

ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் கெய்ரோ மாநகரில் வாழ்ந்த மருத்துவ மேதை இப்னு நபீஸ், இப்னு ஸீனாவின் உடற்கூற்றியலுக்கு விரிவுரை எழுதப் புகுந்தபோது முகப்பிலேயே ஒரு செய்தியைச் சொல்லிவைக்கிறார். ஷரீஅத்தின் தடையும், தம் இயல்பில் உள்ள இரக்கமும் உடலை அறுத்துப் பார்ப்பதினின்றும் தம்மை விலக்கிவிட்டன என்பதே அது. அறுத்துப் பார்க்காமல் அவர் இவ்வளவு எழுதியிருக்க முடியாது என்று ஐயுறும் ஆராய்ச்சியாளரும் உளர். அஃது எவ்வாறாயினும், ஒரு மருத்துவ நூலின் வாயிலில் இரக்கத்தை ஒரு காரணமாக எழுதி வைக்கலாம் என்று அக்காலத்து அறிஞர் ஒருவர் கருதினார் என்பதே நமக்கு முக்கியம்.

அவருக்கு முன் ஆயிரம் ஆண்டுகளாக மருத்துவ உலகை ஆண்டவர், நம் யுனானி ஹகீம்கள் ஜாலீனூஸ் என்றழைக்கும் கிரேக்க மருத்துவர். உரோமாபுரியில் மனித உடலை அறுக்க வழியில்லாமையால் அவர் பன்றிகளையும் குரங்குகளையும் அறுத்தார். உயிருள்ள பன்றியின் குரல்வளை நரம்பை அவையோர் முன்னிலையில் துண்டித்து, அதன் அலறல் சட்டென்று அடங்குவதைக் காட்டினார். அவர் கண்டறிந்த உண்மைகள் பல, மறுப்பதற்கில்லை. ஆனால் கால்நடைகளின் மூளையடியில் காணப்படும் நுண்குழாய்ப் பின்னலை மனிதனுக்கும் உரியதென்று எழுதிவிட்டார். அப்பிழை 16ஆம் நூற்றாண்டுவரை நிலைத்தது. இதயத்தின் இரு அறைகளுக்கிடையே உள்ள சுவரில் துளைகள் உண்டு என்ற அவருடைய மற்றொரு கூற்றை மறுத்து, அச்சுவர் திண்மையானது, குருதி நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என நிறுவியவர் இப்னு நபீஸ். அந்த ஏட்டுப் பிரதி 1924இல் பெர்லின் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு உலகறிந்தது.

நம் முன்னோர் எவரும் விலங்கைச் சோதிக்கவில்லை என்று கூறினால் அது வரலாறாகாது. ராஸி ஒரு குரங்குக்குப் பாதரசம் புகட்டி அது வயிற்றைப் பற்றித் துடிப்பதைக் குறித்துவைத்தார். செவில்லி நகரத்து இப்னு ஸுஹ்ர், மூச்சுக்குழலை அறுத்தால் உயிர் பிழைக்குமா என அறிய ஓர் ஆட்டின் குழலை அறுத்தார். பிறகு புண்ணைத் தேன் கலந்த நீரால் கழுவிக் குணமாகும்வரை பராமரித்தார். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும்.

அவ்வேறுபாட்டைச் சட்டமாகவே வரைந்தவர், இப்னு நபீஸ் வாழ்ந்த அதே கெய்ரோவில் வாழ்ந்து 1262இல் மறைந்த ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ரஹ்). மனிதன்மீது விலங்குகளுக்குள்ள உரிமைகள் எவை என்று அவர் எண்ணிச் சொல்கிறார். முதுமையாலும் நோயாலும் பயனற்றுப் போன விலங்கிற்கும் உணவளிக்க வேண்டும். தாங்காத சுமை ஏற்றலாகாது. குட்டியை அதன் தாயின் கண்ணெதிரே அறுக்கலாகாது. உரிமை என்ற சொல்லையே அவர் ஆள்கிறார். மனிதனின் பெருந்தன்மைக்கு அதை விட்டுவிடவில்லை. நம் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் ஓதப்படும் மத்ஹபின் இமாம்களுள் ஒருவர் இவர். ஆயினும் இப்பகுதியை மேடைகளில் எடுத்துரைப்போர் மிகக் குறைவு.

உயிருள்ளதைக் குறியாக நிறுத்தி அம்பெய்வதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அந்தத் தடை இன்றைய ஆய்வுக்கூடத்தின் கதவருகே நின்றுவிடுமா? 1944இல் அமெரிக்காவில் ஜான் டிரெய்ஸ் என்பாரும் அவர்தம் தோழர்களும் வகுத்த சோதனையில், அசையாதவாறு பிணிக்கப்பட்ட முயலின் கண்ணில் ஒப்பனைப் பொருளை இட்டுப் புண்ணாகிறதா என நாள்கணக்கில் பார்த்தார்கள். 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கில அறிஞர்கள், விலங்கிற்கு மாற்று தேடுக, எண்ணிக்கையைக் குறைக்க, வேதனையைத் தணிக்க என்று மூன்று நெறிகளை எழுதினர். 1980இல் ஹென்றி ஸ்பைரா என்ற ஆசிரியர், பிரபல ஒப்பனை நிறுவனமான ரெவ்லானை எதிர்த்து நாளேட்டில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டார். அந்நிறுவனமே மாற்றுவழி ஆராய்ச்சிக்கு ஏழரை இலட்சம் டாலர் வழங்க நேர்ந்தது.

இவ்விவாதத்தில் முஸ்லிம்களின் குரலாக ஒலித்தவர், இங்கிலாந்தின் வோக்கிங் பள்ளிவாசலில் இமாமாகப் பணியாற்றிய அல்ஹாபிழ் மஸ்ரி. 1987இல் அவர் வெளியிட்ட நூல் உணர்ச்சியை நாடாமல் பிக்ஹின் சட்ட விதிகளை நாடுகிறது. தேவையை முன்னிட்டு அனுமதிக்கப்பட்ட ஒன்று, அத்தேவை நீங்கியதும் அனுமதியை இழக்கும் என்பது உஸ்மானியச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்ற விதி. நோய் தீர்க்க வேறு வழியே இல்லாதபோது சோதனை ஒருவேளை ஆகலாம். வழி பிறந்த அன்றே அந்த அனுமதி முடிகிறது. ஒப்பனைக்கோ தொடக்கத்திலேயே அனுமதியில்லை.

வழி இன்று பிறந்துவிட்டது. மனித உயிரணுக்களிலிருந்து வளர்த்தெடுத்த தோலில் பொருளின் கடுமையைச் சோதிக்கிறார்கள். ஒப்பனைப் பொருள்களுக்காக விலங்குகளைச் சோதிப்பதை இந்தியா 2014இல் தடை செய்தது. 2023இல் திருத்தப்பட்ட நம் நாட்டு மருந்து விதிகள், உயிரணுச் சோதனைகளையும் கணினிவழிச் சோதனைகளையும் ஏற்றுக்கொண்டன. மருந்துகள் அனைத்திற்கும் இவை போதுமானவையாக இன்னும் ஆகவில்லை என்பதும் உண்மையே.

ஒரு நறுமணத் தைலத்தில் மது கலந்துள்ளதா, ஒரு மாத்திரையின் உறையில் பன்றிக் கொழுப்பு உள்ளதா என்று நம் மக்கள் ஆலிம்களிடம் அக்கறையோடு கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான். அதே பொருள் எந்த முயலின் கண்ணைக் குருடாக்கிக் கடைக்கு வந்தது என்ற கேள்வியோடு வந்தவர் எவரையும், முப்பதாண்டு ஓதிக்கொடுத்த காலத்தில் நாம் சந்திக்கவில்லை. அதற்கான விடை இஸ்ஸுத்தீன் (ரஹ்) அவர்களின் கிதாபில் ஏழரை நூற்றாண்டுகளாகக் காத்திருக்கிறது.