பக்தாதின் வஅள் மஜ்லிஸ்கள்

கூஃபா நகரில் ஹழ்ரத் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியாழன்தோறும் மக்களுக்கு உபதேசம் செய்து வந்தார்கள். நாள்தோறும் செய்யலாகாதா என்று ஒருவர் வேண்டினார். உங்களுக்குச் சடைவு உண்டாக்க விருப்பமில்லை, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் எங்களுக்குச் சலிப்புத் தட்டிவிடுமோ என அஞ்சி, நாள் விட்டு நாள் பார்த்தே உபதேசித்தார்கள் என்று அன்னார் விடையிறுத்தார்கள். ஸஹீஹுல் புகாரியின் கல்விப் பகுதியில் இதனைக் காண்கிறோம். கேட்போரின் மனக்களைப்பை அறிந்து பேசுவதும் ஸுன்னத்தே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயினும், சபையோரின் உள்ளத்தைப் பிடித்து நிறுத்தும் வித்தையில் ஆலிம்களை முந்திக்கொண்டவர்கள் ‘காஸ்’ எனப்பட்ட கதைசொல்லிகள். தொடக்கத்தில் அது இழிபெயரன்று. வரலாறு கூறி நல்லுணர்வு ஊட்டிய சான்றோர் பலர் அப்பெயரைத் தாங்கியிருந்தனர். பின்னாளில் பலருக்கு அது பிழைப்பாயிற்று. கூட்டம் கலையாதிருந்தால்தான் காசு விழும். கூட்டம் கலையாதிருக்க வியப்பு வேண்டும். வியப்புக்காகப் பொய் ஹதீஸ்கள் பிறந்தன.

பக்தாதின் ருஸாஃபாப் பள்ளியில் நிகழ்ந்ததாக ஒரு செய்தி உண்டு. இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்), யஹ்யா இப்னு மயீன் (ரஹ்) இருவரும் அங்கே அமர்ந்திருக்க, கதைசொல்லி ஒருவன் எழுந்து அவ்விருவர் பெயராலேயே ஒரு ஹதீஸை அவிழ்த்துவிட்டான். கலிமாவின் ஒவ்வொரு சொல்லிலிருந்தும் பொன் அலகும் பவளச் சிறகும் கொண்ட பறவை பிறக்கிறது என்று தொடங்கி, இருபது ஏடு கொள்ளுமளவு நீட்டினான். காசு திரட்டி முடிந்ததும் யஹ்யா அவனை அழைத்து, தாங்கள் இன்னார் என்று கூறினார்கள். அவன் அசையவில்லை. “யஹ்யா அறிவிலி என்று கேள்விப்பட்டிருந்தேன், இன்று உறுதியாயிற்று. உலகில் உங்களையன்றி வேறு யஹ்யாவும் அஹ்மதும் இல்லையோ? பதினேழு அஹ்மத் இப்னு ஹன்பல்களிடம் நான் எழுதியிருக்கிறேன்” என்ற கருத்தில் ஏளனம் செய்து போய்விட்டானாம். இமாம் தஹபீ (ரஹ்) இச்செய்தியின் அறிவிப்பாளரை ஏற்கவில்லை. பொய்யரைப் பற்றிய செய்தியே ஐயத்திற்கு உள்ளானதை என்னென்பது! ஆனால் இத்தகையோர் இருந்தது பொய்யன்று. ஹிஜ்ரி 279இல் (கி.பி. 892) தெருவிலும் ஜும்ஆப் பள்ளியிலும் கதைசொல்லிகள் அமரலாகாது என்று பக்தாதில் அரசு முரசறைவித்ததைத் தபரீ பதிந்துள்ளார்.

மேற்கூறிய செய்தியைத் தம் நூலில் எடுத்தெழுதியவர்களுள் இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) ஒருவர். இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களைத் திரட்டி ‘மவ்ளூஆத்’ எழுதியவரும், கதைசொல்லிகளைக் கண்டிக்க ‘கிதாபுல் குஸ்ஸாஸி வல்முதக்கிரீன்’ எழுதியவரும் இவரே. அத்தகையவர் மிம்பரேறினால் சபை வறண்டிருக்கும் என்றுதான் நாம் எண்ணுவோம். ஹிஜ்ரி 580 ஸஃபர் மாதம் (கி.பி. 1184) பக்தாத் வந்த அந்தலூஸ் பயணி இப்னு ஜுபைர் கண்டதோ வேறு.

சனிக்கிழமை மஜ்லிஸில் இருபதுக்கு மேற்பட்ட காரீகள் இருந்தனர். இருவர் மூவராக ஓர் ஆயத்தை ஓத, அடுத்த குழுவினர் வேறோர் ஆயத்தை ஓதுவர். பற்பல சூராக்களிலிருந்து இவ்வாறு ஓதி முடித்ததும் இமாம் தொடங்குவார். ஓதப்பட்ட ஆயத்துகளின் தொடக்கங்களை, முன்பின் பிறழாமல், அதே வரிசையில் தம் பேச்சினூடே கோத்து, இறுதி ஆயத்தின் ஓசைக்கே தம் எதுகையையும் கொண்டுவந்து நிறுத்துவார். அடுத்து எது வருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் சபைக்குக் கொட்டாவி ஏது?

பிறகு சபையிலிருந்து கேள்விச் சீட்டுகள் வரும். ஒவ்வொன்றுக்கும் இமைப்பொழுதில் விடை வரும். அவருடைய மஜ்லிஸின் பெரும்பகுதி இவ்விடைகளாலேயே அமைவதுண்டு என்று இப்னு ஜுபைர் எழுதுகிறார். சீட்டு வரும் மேடையில் நின்றவர்க்கே அதன் அச்சம் தெரியும். எதுகையும் கவிதையும் கண்ணீரும் ருஸாஃபாக் கதைசொல்லியிடமும் இருந்திருக்கலாம். கேள்வி கேட்டவர்க்கு அவனிடமிருந்தது ஏளனம் ஒன்றே.

வியாழக்கிழமை மஜ்லிஸ் கலீபாவின் அரண்மனை முற்றத்தில், பாபு பத்ரில் நடந்தது. கலீபாவும் அவர் அன்னையும் மேன்மாடத்திலிருந்து கேட்க, பொதுமக்களுக்கும் கதவு திறந்துவிடப்பட்டிருந்தது. அம்மஜ்லிஸ்களில் ஒன்றின் முடிவில் இமாம் கவிதை சொல்லிக்கொண்டிருக்கையில் அவருக்கே அழுகை மேலிட்டது. சொல் தொண்டையில் சிக்கியது. அதற்குமேல் பேச முயலாமல் மிம்பரை விட்டு விரைந்து இறங்கிவிட்டார். சபை அழுதபடியே அமர்ந்திருந்தது.