பத்தி அமைப்பும் காண்டிகையுரை மரபும்

ஒரு கருத்தை முன்வைத்துச் சான்று காட்டி நிறுவும் ஆய்வுப் பத்தியை எழுதக் கற்பித்தல், ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சியின் வழித் தமிழுக்கு வந்தது என்னும் எண்ணம் தமிழ்த்துறைகளில் பரவலாக உண்டு. பத்தி என்னும் அச்சு வடிவத்தைப் பொறுத்தவரை இது பெரிதும் பொருந்தும். பத்தியினுள் நிகழும் வாதத்தின் ஒழுங்கோ உரையாசிரியர் மரபில் முன்பே உருப்பெற்றிருந்தது. அம்மரபு இன்றைய வகுப்பறைக்கு எவ்வளவு தூரம் துணைசெய்யும் என்பதே இக்கட்டுரையின் ஆய்பொருள்.

நன்னூலைப் பவணந்தி முனிவர் இயற்றியது சீயகங்கன் வேண்டுகோளின்படி என்பது அதன் சிறப்புப்பாயிரத்தால் அறியப்படும். மூன்றாம் குலோத்துங்கன் காலத்துச் சிற்றரசனாகிய அவன் குவளாலபுரம் எனப்பட்ட கோலாரைத் தலைமையாகக் கொண்ட கங்கர் மரபினன். நன்னூலின் பொதுப்பாயிரம் காண்டிகையுரையின் உறுப்புகளாகக் கருத்து, பதப்பொருள், காட்டு ஆகிய மூன்றையும், அவற்றொடு வினா, விடை ஆகிய இரண்டையும் குறிக்கின்றது. இவ்வைந்தும் வெறும் பட்டியல் அல்ல. கருத்து முதலில் நிற்றலால், பின்வரும் சொல்விளக்கமும் சான்றும் எதற்காக வந்தன என்பது படிப்போர்க்கு முன்னரே தெரிகின்றது. வினா என்பது மாணாக்கன் அறியாமையால் கேட்பது மட்டுமன்று; சொல்லப்பட்ட பொருளுக்கு எழக்கூடிய தடையும் ஆகும்.

ஏட்டுச்சுவடியில் பத்தி பிரிக்கும் வழக்கம் இல்லை. புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. எனவே வாதத்தின் மூட்டுவாய்களைச் சொற்களே தாங்க வேண்டியிருந்தது. 'என் நுதலிற்றோ எனின்' எனத் தொடங்கினால் கருத்து வருகின்றது. 'என்னை' என்றால் காரணம் கேட்கப்படுகின்றது. 'அற்றேல்' என்றால் தடை எழுகின்றது. 'ஆகலான்' என்றால் முடிவு நெருங்குகின்றது. சேனாவரையர் உரையின் இறுக்கத்திற்கு இத்தகைய சொற்கள் பெருங்காரணம். இன்றைய மாணவர்க்கு வரியை உள்தள்ளித் தொடங்கத் தெரிகின்றது. அவ்வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ள உறவைச் சொல்லும் சொல் அவர்களிடம் இல்லை. 'மேலும்' என்னும் ஒரு சொல்லே எல்லாப் பணியையும் செய்கின்றது!

எனினும் இம்மரபை அப்படியே வகுப்பறைக்குக் கொண்டுவர இயலாது. உரையாசிரியர்க்குச் சூத்திரம் கைக்கு வந்துவிட்டது. மாணவரோ சூத்திரத்தையும் தாமே செய்து, அதற்கு உரையும் தாமே எழுத வேண்டியவர். இடர்ப்பாடு தொடங்குவது இங்கேதான். குறுந்தொகை 40ஆம் பாடலைப் பற்றிக் கேட்டால் 'உவமை சிறப்பாக அமைந்துள்ளது' என எழுதுவர். இது கருத்தன்று, மறுக்க இயலாத எதுவும் ஆய்வுக்குரிய கருத்தாகாது. இதன்மேல் எழும் பத்தி, நன்னூலார் கூறும் பத்துக் குற்றங்களுள் வெற்றெனத் தொடுத்தலிலும், சென்று தேய்ந்து இறுதலிலும் போய் முடிகின்றது.

அப்பாடலின் துறைக்குறிப்பை நோக்குக. தலைவன் பிரிவானோ எனத் தலைவி அஞ்ச, அக்குறிப்பைக் கண்டு தலைவன் கூறியது அது. ஆகவே 'செம்மண்ணில் பெய்த நீர் என்னும் உவமை அழகுக்காக வந்ததன்று. அச்சத்திற்கு விடையாக வந்தது' என எழுதினால் கருத்துப் பிறக்கின்றது. தாய், தந்தை, தாம் என உறவின்மையை அடுக்கும் வினாக்கள் காட்டாகின்றன.

கன்னட மொழிவழிப் பயின்று தமிழ் கற்க வந்த ஹனூர் மாணவி ஒருவரை இங்குக் குறிப்பிட வேண்டும். ஹனூரை உள்ளடக்கிய கொள்ளேகால் வட்டம் 1956 வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்திலும், 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்திலும் சேர்ந்தது. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம் என வளர்ந்த அவர்க்கு நம் தேர்வுக் கையேடுகளின் சொற்றொடர்கள் தெரியா. அவர் எழுத்துப்பிழை மிகுதி. ஆனால் தடையை எழுப்பியவர் அவர் ஒருவரே. மண்ணில் விழுந்த நீர் தன் நிறத்தை இழக்கின்றது; மண் இழப்பதில்லை; அவ்வாறாயின் இது ஒருவர் மற்றவருள் மறைதல் ஆகாதோ என்பது அவர் வினா. பாடலின் இறுதி வினை பன்மையில் நிற்றலால் நெஞ்சங்கள் இரண்டுமே கலத்தலைச் செய்கின்றன என விடையும் எழுதியிருந்தார். மதிப்பெண் பகுப்பில் தடைக்கும் விடைக்கும் இடம் இல்லை. எழுத்துப்பிழைக்குக் குறைக்க மட்டும் இடம் இருந்தது.