பஞ்சாமிர்தத்தோட பழுப்பு எங்கேருந்து வந்துச்சு?

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்துக்கு மாற்றி, சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ரீல்ஸ்ல அடிக்கடி கண்ணுல படற ஒரு ஐட்டத்துல இருந்து ஆரம்பிக்கலாம். ஒரு வாழைப்பழத்த நீளவாக்குல ரெண்டா வெட்டி, மேல ஒரு ஸ்பூன் சர்க்கரை தூவி, ஏர் ஃப்ரையர்ல 180 டிகிரில எட்டு நிமிஷம் வைக்கறாங்க. வெளிய எடுத்தா மேல்பக்கம் பழுப்பா பளபளன்னு இருக்கு. பேரு 'கேரமலைஸ்டு பனானா'. கேட்டா ஏதோ பாரிஸ்ல இருந்து ஃப்ளைட் ஏறி வந்த மாதிரி இருக்கும்.

இப்போ அப்படியே திருத்தணி பக்கம் வாங்க. ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு, சோளிங்கர்னு ஆந்திர எல்லைய ஒட்டின ஊர்கள். கடைத்தெருவுல தமிழும் தெலுங்கும் கலந்து ஓடும். மொழிவாரி மாநிலம் பிரிஞ்சப்போ திருத்தணி, சித்தூர் மாவட்டத்தோட சேர்ந்து ஆந்திராவுக்குப் போயிடுச்சு. ம.பொ.சி. தலைமையில நடந்த எல்லைப் போராட்டம், படாஸ்கர் குழுவோட பரிந்துரை எல்லாம் முடிஞ்சு, 1960 ஏப்ரல் 1 அன்னைக்குத்தான் திரும்ப நம்ம பக்கம் வந்துச்சு. கோடு எந்தப் பக்கம் போனாலும் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி மலை ஏறுறது நிக்கல. முருகன் கோயில்னா பஞ்சாமிர்தமும் கூடவே இருக்கும்.

பஞ்சாமிர்தமும் பழமும் சர்க்கரையும் சேர்ந்த இனிப்புதான். அதுவும் பழுப்பு நிறம்தான். ஆனா அத அடுப்புல வேகவைக்கறதில்ல. அப்போ அந்தப் பழுப்பு எங்கேருந்து வந்துச்சு? இதுதான் இன்னைக்கு எபிசோட்.

பொரிக்காத மெஷின்

மொதல்ல மெஷின். ஏர் ஃப்ரையர்ங்கற பேர நம்பாதீங்க, அது எதையும் பொரிக்கறதில்ல. மேல ஒரு சூடான காயில், அதுக்குப் பக்கத்துல ஒரு ஃபேன், கீழ ஒரு கூடை. சூடான காத்த வேகமா சுத்தவிடற ஒரு சின்ன அவன், அவ்வளவுதான்.

இந்த ஐடியா புதுசும் இல்ல. 1940-கள்ல அமெரிக்காவுல வில்லியம் மேக்ஸன்னு ஒருத்தர், விமானத்துல உறைஞ்ச சாப்பாட்ட சூடு பண்றதுக்காக ஃபேன் வெச்ச அவன் ஒண்ண உருவாக்கினார். அதோட பேரு 'வேர்ல்விண்ட்', அதாவது சுழல்காத்து. நாம இன்னைக்குச் சொல்ற 'ஏர்ஃப்ரையர்'ங்கற பேரு 2010-ல பிலிப்ஸ் கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்தப்போ வந்தது. அதுக்குப் பின்னால இருந்த கண்டுபிடிப்பாளர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஃப்ரெட் வான் டெர் வெய். அவங்க மனசுல இருந்தது ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ். வாழைப்பழம் நாம கண்டுபிடிச்ச வேலை.

பழத்துக்கு அந்தக் காத்து என்ன பண்ணுது? மேல்பரப்புல இருக்கற தண்ணிய விரட்டுது. தண்ணி இருக்கற வரைக்கும் பழத்தோட மேல்பக்கம் 100 டிகிரியத் தாண்டறது கஷ்டம். தண்ணி போனதுக்கு அப்புறம்தான் விளையாட்டு. பழச்சர்க்கரையான ஃப்ரக்டோஸ் 110 டிகிரி பக்கத்துலயே உடைஞ்சு கேரமல் ஆக ஆரம்பிக்கும். நாம தூவற வெள்ளைச் சர்க்கரை, அதாவது சுக்ரோஸ், 160 டிகிரி வரைக்கும் காத்திருக்கும். கூடவே இன்னொரு வேலையும் நடக்குது. பழத்துல இருக்கற அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டுல சேர்ந்து பழுப்பாகும். இத 1912-ல விளக்கினவர் லூயி கமீல் மயார்ங்கற ஃப்ரெஞ்சுக்காரர். தோசை முறுகலுக்கும் அவர் பேருதான்.

ஆக, பழுப்புக்கு நெருப்பு வேணும். பஞ்சாமிர்தத்துல நெருப்பே இல்லையே?

நெருப்பு வேற ஊர்ல எரிஞ்சுது

பழனி பஞ்சாமிர்தத்த எடுத்துக்குவோம். 2019-ல புவிசார் குறியீடு வாங்கினது அது. மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், கூட பேரீச்சை, கற்கண்டு. பழத்தப் பிசைஞ்சு சர்க்கரையோட கலக்கறாங்க. ஒரு சொட்டு தண்ணி சேர்க்கறதில்ல. பழத்துல இருக்கற ஈரத்த சர்க்கரை பிடிச்சு வெச்சுக்கும், கிருமி வளர ஈரம் கிடைக்காது. அதனாலதான் ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்துலயும் பக்தர்கள் அத ஊருக்கு எடுத்துட்டுப் போக முடிஞ்சுது.

நிறத்துக்கான பதில் அந்த நாட்டுச் சர்க்கரைல இருக்கு. பழனி கோயிலுக்கு அது ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி சந்தைல இருந்து போகுது. அங்க கரும்புச்சாற பெரிய கொப்பரைல ஊத்தி, சாறு பிழிஞ்ச சக்கையவே எரிச்சு, 115 டிகிரிக்கு மேல பாகு வர்ற வரைக்கும் காய்ச்சறாங்க. நாம மேல பார்த்த பழுப்பு வேலை அந்தக் கொப்பரைலயே நடக்குது. அதாவது கேரமல் வாசத்துல ஒரு பங்கு முன்னாடியே சர்க்கரைக்குள்ள ஏறிடுச்சு. கோயில்ல பழத்துக்குக் கீழ நெருப்பு தேவைப்படல, ஏன்னா கரும்புச்சாறுக்குக் கீழ ஏற்கெனவே எரிஞ்சாச்சு.

இந்த நெருப்புக்கு வயசு அதிகம். கரும்ப இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவங்க அதியமானோட முன்னோர்கள்னு புறநானூறு 99-ஆம் பாட்டுல ஔவையார் சொல்றாங்க. பட்டினப்பாலைல இன்னும் நுணுக்கமான ஒரு காட்சி இருக்கு. கரும்பாலைத் தீயோட வெக்கை பட்டு, பக்கத்து வயல்ல இருக்கற நெய்தல் பூ வாடிப்போகுதாம். ஒரு ஊரோட வளத்தச் சொல்ல வந்த புலவர், அந்த வளம் பக்கத்துல இருக்கற பூவ என்ன பண்ணுதுன்னும் பாத்திருக்கார்.

வார்த்தைகளும் இங்கேருந்துதான் கப்பல் ஏறிச்சு. 'சர்க்கரா'ங்கற வடமொழிச் சொல் பாரசீகம், அரபி வழியா ஐரோப்பா போய் 'சுகர்' ஆச்சு. மேற்குக் கடற்கரைல போர்த்துகீசியர் காதுல விழுந்த அதே சொல்லோட உள்ளூர் வடிவம் 'ஜாக்கரி' ஆச்சு. கற்கண்டுல இருக்கற 'கண்டு'க்குச் சொந்தக்காரச் சொல்தான் 'கேண்டி'.

வெள்ளை எப்படி உசந்தது?

திரும்பத் திருத்தணிக்கு வருவோம். திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கறது திருவாலங்காட்டுல. காரைக்கால் அம்மையார் தலையால நடந்து வந்ததா சொல்ற அதே ஊர். நம்ம நாட்டு ஆலைகள் பலதுலயும் கரும்புச்சாறுக்குச் சுண்ணாம்பும் கந்தகப் புகையும் குடுத்து அழுக்கையும் நிறத்தையும் எடுக்கறாங்க. அப்புறம் படிகத்தப் பிரிச்சு, பழுப்பு நிறப் பாகத் தனியா ஒதுக்கிடறாங்க. அதுதான் மொலாசஸ். சாராய ஆலைக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போகும். நமக்குக் கிடைக்கறது வாசமே இல்லாத இனிப்பு.

இது தப்புன்னு சொல்லல. வெள்ளைச் சர்க்கரை கெடாது, எடை மாறாது, டீயோட ருசியக் கெடுக்காது. ஆனா காமெடியப் பாருங்க. ஆலைல கரண்ட் செலவு பண்ணி பழுப்ப வெளிய எடுக்கறோம். வீட்டுல கரண்ட் செலவு பண்ணி அதுக்கு ஒரு சொந்தக்காரப் பழுப்ப உள்ள கொண்டுவந்து, அதுக்கு 'கேரமல்'னு பேரு வைக்கறோம். வெல்லமும் கேரமலும் ஒண்ணே இல்ல, ஆனா ஒரே குடும்பம்.

பழமே போயிருக்கும்

சர்க்கரைக்காவது மாத்து இருக்கு. பழத்தோட கதை இன்னும் கனமானது. பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி மலைவாழை பழனி மலைச்சரிவுல விளையறது. வெள்ளைக்காரனோட மோதின பாளையக்காரர் கோபால நாயக்கரோட அதே விருப்பாச்சிதான். பழத்துல ஈரம் கம்மி, வாசம் அதிகம். அதனாலதான் பிசைஞ்சாலும் நீர்விடாம நிக்கும்.

முடிக்கொத்து நோய்னு ஒரு வைரஸ் வந்து இந்தத் தோட்டங்கள்ல பெரும்பகுதிய அழிச்சிடுச்சு. அசுவினிப் பூச்சி மூலமா பரவற நோய் இது. வாழை விதை போட்டு வளர்றதில்ல, பக்கக் கன்னுதான். தாய்க்கு நோய்னா கன்னுக்கும் நோய். அதனால விவசாயி ஆசையா பக்கத்து மலைக்குக் குடுத்தனுப்பற கன்னே நோயையும் தூக்கிட்டுப் போகும். 1993-ல திருச்சில தொடங்கின தேசிய வாழை ஆராய்ச்சி மையமும், தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் வைரஸ் இல்லாத திசு வளர்ப்புக் கன்னுகள உருவாக்கி மலைக்குத் திரும்ப அனுப்பினாங்க. விருப்பாச்சிக்கும் சிறுமலைக்கும் 2008-ல புவிசார் குறியீடும் கிடைச்சுது. குறியீடு பேரக் காப்பாத்தும். செடியக் காப்பாத்தறது சுத்தமான கன்னுதான்.

சரி, இப்போ கூடைய எடுங்க

இவ்வளவு கேட்டுட்டீங்க, ஒரு ட்ரை பண்ணிப் பாருங்க. மலைப்பழமோ நேந்திரனோ, நல்லாப் பழுத்ததா வாங்குங்க. பழம் பழுக்கும்போது மாவுச்சத்து சர்க்கரையா மாறும், காய்வெட்டா இருந்தா காயும், பழுப்பாகாது. வெட்டின பக்கத்த துணியால ஒத்தி எடுங்க. மேல லேசா நெய். வெள்ளைக்குப் பதிலா நாட்டுச் சர்க்கரை தூவுங்க, ஆனா சூட்ட 170-க்குக் குறைங்க. அதுல ஏற்கெனவே உடைஞ்ச குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் இருக்கறதால சீக்கிரம் கருகும். ஆறாவது நிமிஷத்துல திறந்து பாத்துடுங்க. கடைசில ஒரு சிட்டிகை ஏலக்காய்.

அது பஞ்சாமிர்தம் ஆகிடாது, ஆகவும் வேணாம். ஆனா அந்தத் தட்டுல ரெண்டு நெருப்பு இருக்கும். ஒண்ணு உங்க கிச்சன்ல எட்டு நிமிஷத்துக்குள்ள அணைஞ்சது. இன்னொண்ண ஆலைக்காரர் யாரோ சக்கை போட்டு மணிக்கணக்கா எரிச்சிருக்கார். விலை பேசும்போது அந்த ரெண்டாவது நெருப்பையும் கணக்குல சேருங்க.

அடுத்த எபிசோட்ல வேற ஒரு சாமானோட வர்றேன்.