கெராம்பிட்: கைக்குள் மறையும் கத்தி, சட்டத்துக்கு மறையுமா?

புலிநகம்போல் வளைந்த சிறு கத்தி. பிடியின் முனையில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு வளையம். வீட்டில் கணினி விளையாட்டு விளையாடும் பிள்ளைகள் இருந்தால் படத்தைக் காட்டிக் கேட்டுப்பாருங்க. "கெராம்பிட்தானே!" என்று உடனே பதில் வரும்.

விளையாட்டில் அது வெறும் படம். அதையே இணையத்தில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனால் கதை வேறு. இந்தக் கத்தி எங்கிருந்து வந்தது? ஏன் இவ்வளவு சிறியது? சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது?

எங்கிருந்து வந்தது?

கெராம்பிட்டின் தாயகம் இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ரா. அங்கு வாழும் மினாங்கபாவ் மக்களோடு நெருங்கிய தொடர்புடையது. அவர்களில் பலர் மலேசியாவின் நெகிரி செம்பிலானிலும் குடியேறினர். கத்தியும் மலாய் உலகம் முழுவதும் பரவியது. பிலிப்பீன்ஸிலும் இதே வடிவக் கத்தி உண்டு.

தொடக்கத்தில் இது ஆயுதமே அல்ல, வயல்வேலைக் கருவி என்று கூறப்படுகிறது. நம்ம ஊர் கதிர் அரிவாளை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். கிட்டத்தட்ட அதுதான். அரிவாளைப் போலவே இதற்கும் வளைவின் உட்புறத்தில்தான் கூர் இருக்கும். புலியின் நகத்தைப் பார்த்து வடிவமைத்தார்கள் என்பதும் வாய்வழியாக வரும் கதை. சேவலின் வால் இறகுபோல் வளைந்த ஒரு வகைக்கு 'லாவி ஆயாம்' என்று பெயர்.

வடிவம் சொல்லும் செய்தி

கெரிஸ் எனும் குறுவாளை இடுப்பில் எல்லாரும் பார்க்கும்படி அணிவார்கள். அது குடும்பத்தின் மதிப்பு, பதவியின் அடையாளம். கெராம்பிட் அப்படியே நேர்மாறு. கண்ணில் படாமல் இருப்பதுதான் அதன் வேலை. பெண்கள் அதைக் கூந்தலுக்குள் செருகி வைத்திருந்தார்கள் என்றுகூடச் சொல்வதுண்டு.

வடிவத்தின் ஒவ்வோர் அம்சமும் அதற்கேற்றதுதான். பிடி சிறியது, மரத்தாலோ எருமைக் கொம்பாலோ செய்யப்படும். கத்தியைத் தலைகீழாகப் பிடிக்கும்போது வளையத்துக்குள் ஆள்காட்டி விரல் நுழையும். கை வியர்த்தாலும், யாராவது தட்டிவிட்டாலும் கத்தி நழுவாது. பிடி முழுவதும் கைக்குள் மறைந்துவிடும். வளைந்த அலகு மட்டும் கீழே தெரியும்.

சீலாட் தற்காப்புக் கலையில் இதற்கென்று தனிப் பயிற்சி உண்டு. மழுங்கிய பயிற்சிக் கத்தியை வைத்துப் பழகுவார்கள். மலேசியாவின் சீலாட், இந்தோனேசியாவின் பென்சாக் சீலாட் இரண்டையும் 2019இல் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது.

திடீரென்று ஏன் இவ்வளவு பிரபலம்?

2013இல் கவுன்ட்டர்-ஸ்டிரைக் விளையாட்டில் கெராம்பிட் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு வெளிவந்த 'தி ரெய்டு 2' என்ற இந்தோனேசியப் படத்தின் சமையலறைச் சண்டைக் காட்சியிலும் அது வந்தது. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் மடக்கும் வகையையும் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். பிறகென்ன, பளபளக்கும் வண்ணங்களில் இணையக் கடைகளில் குவியத் தொடங்கின.

சட்டம் என்ன சொல்கிறது?

"சின்னக் கத்திதானே, பென்சில் பெட்டிக்குள்ளேயே அடங்கிடுமே!" என்று சிலர் நினைக்கலாம். அங்கேதான் தவறு நேர்கிறது.

சிங்கப்பூரில் 1958ஆம் ஆண்டின் தாக்குதல் ஆயுதங்கள் தொடர்பான சட்டம், கத்தி எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்பதில்லை. தாக்கப் பயன்படுத்தினால் காயம் விளைவிக்கக்கூடிய எந்தக் கருவியும் அதில் அடங்கும். முக்கியமான கேள்வி ஒன்றுதான்: பொது இடத்தில் அதை வைத்திருக்கச் சட்டபூர்வமான காரணம் உண்டா?

வேலைக்குப் போகும் சமையல்காரரின் பையில் கத்தி இருந்தால் காரணம் புரிகிறது. இரவு 11 மணிக்குப் புளோக்குக்குக் கீழே நண்பர்களோடு உட்கார்ந்திருக்கும் இளையரின் பையில் கெராம்பிட் இருந்தால்? சண்டைக்கென்றே உருவான வடிவம். அதற்கு என்ன காரணம் சொல்வது?

"சும்மாதான் வச்சிருந்தேன்", "ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்று சொல்லிவிட்டால் மட்டும் அது சட்டபூர்வமான காரணமாகிவிடாது. கத்தியை யார்மீதும் ஓங்கியிருக்கவும் வேண்டாம். வைத்திருந்ததே குற்றமாகலாம்.

தண்டனை:

- சிங்கப்பூர்: 3 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. (பெண்களுக்கும் 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் பிரம்படி இல்லை.)
- மலேசியா: அங்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டம்தான். 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு.

வீட்டில் ஒன்று இருந்தால்?

- வாங்குவதற்கு முன் இறக்குமதி விதிகளைப் பாருங்கள். சில வகை ஆயுதங்களுக்குக் காவல்துறை உரிமம் தேவை. சில வகைகளுக்கு அனுமதியே கிடையாது. இணையக் கடையில் விற்கிறார்கள் என்பதால் மட்டும் இங்கே கொண்டுவரலாம் என்று அர்த்தமில்லை.
- சீலாட் பயிற்சிக்குப் போகும் பிள்ளை தனியாகக் கத்தி வாங்க வேண்டுமா? முதலில் ஆசிரியரிடம் கேளுங்கள்.
- பிள்ளையின் அறையில் கெராம்பிட்டைப் பார்த்தால் திட்டுவதற்கு முன் ஏன் வாங்கினாய் என்று கேளுங்கள். விளையாட்டு மோகம் என்றால் விளக்கிச் சொல்லலாம். யாரோ மிரட்டுகிறார்கள், பயமாக இருக்கிறது என்று சொன்னால் அதுதான் உண்மையான பிரச்சினை. பள்ளியையோ காவல்துறையையோ நாடுங்கள்.
- ஒப்படைக்க விரும்பினால் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம். முதலில் காவல்நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்து என்ன செய்வதென்று கேளுங்கள்.

கெராம்பிட் ஒரு சமூகத்தின் கைவினை, ஒரு கலையின் பகுதி. பயிற்சிக்கூடத்தில் ஆசிரியரின் கண்முன்னே அதற்கு மதிப்பு உண்டு. பள்ளிப் பையில் அதற்கு இடமில்லை.